முதலில் பார், பிறகு பூசு

அன்புள்ள மகளுக்கு,

பனமரத்துப்பட்டி கால்நடை மருந்தகத்தில் பணியேற்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். ஜருகுமலை அடிவாரத்தில் அரளிக் காடும் மல்லிக் காடும் சூழ்ந்த ஊர். ஊரார் உன் மருந்தகத்தை ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் நீ கதவைத் திறக்கும்போது மாட்டோடும் ஆட்டோடும் நாய், பூனை கொண்டுவந்தவர்களும் வாசலில் நிற்பார்கள். மல்லூர்ப் பக்கமிருந்து லாப்ரடார் வரும். ஆட்டுப்பட்டிக்குக் காவலிருக்கும் நாட்டுநாய் வரும். சேலத்தில் காசு கொடுத்து வாங்கிய ஷிட்ஸு ஒன்று ஸ்கூட்டரின் முன்னால் உட்கார்ந்து வரும்.

கருவூட்டல், தடுப்பூசி முகாம், பதிவேடு இவற்றையெல்லாம் சொல்லித்தரத் துறையில் மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது ஒரு சின்ன டியூபைப் பற்றி: கண்ணுக்கும் காதுக்கும் போடுகிற ஆன்டிபயாடிக் களிம்பு. ஊசி போட உன்னைத் தேடி வந்தாக வேண்டும். களிம்புக்கு யாரும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும், அடுத்த வீட்டில் மிச்சமிருக்கும், அலமாரியில் பழசு கிடக்கும். அதனால்தான் மற்ற எந்த மருந்தையும்விட இது பார்க்காமலே பூசப்படுகிறது. “கண்ணு செவந்து பீளை தள்ளுச்சுங்க டாக்டரம்மா. மெடிக்கல்ல ஒரு டியூப் குடுத்தாங்க. மொத நாள் செவப்பு கொறஞ்சுது. இப்பப் பூ விழுந்துருச்சுங்க” என்று ஒருவர் சொல்லும்போது நடந்தது என்ன என்று உனக்கு உடனே விளங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் வாங்கியது ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த மருந்தாக இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பை ஒரே நாளில் அடக்கிவிடும். பார்ப்பவருக்கு நோய் குறைந்ததாகவே தெரியும். கருவிழியில் புண் இருந்தால் அதே ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தடுத்து, கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்குத் துணைபோய், பூஞ்சைக்கும் வழிவிடும். நாயின் கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான தடிமன் கொண்டது. அதில் விட்டுப்பிடிக்க இடமில்லை. எனவே எந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தாலும் உன் முதல் கேள்வி ‘எந்தக் களிம்பு?’ என்று இருக்கக் கூடாது. ‘கருவிழியில் புண் உண்டா?’ என்றே இருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு காகிதத் துண்டு போதும். ஃப்ளோரசீன் சாயத்தாள் விலை குறைந்தது; கண் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தாளின் ஆரஞ்சு நிற நுனியை ஒரு சொட்டு சலைனில் நனைத்துக்கொள். மேலிமையைத் தூக்கி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெல்லத் தொட்டு எடு. கருவிழியில் தொடாதே, தொட்ட இடமே சாயம் பிடித்து உன்னை ஏமாற்றும். நாய் நாலைந்து முறை இமைக்கட்டும். பிறகு சலைன் ஊற்றிக் கழுவிவிட்டு, சன்னலைச் சாத்தி நீல ஒளி விளக்கால் பார். மேல்தோல் நன்றாக இருந்தால் சாயம் முழுக்கக் கழுவிப்போயிருக்கும். தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும். நீளக் கோடாக மின்னினால் முள் கீறியது. கீழிமையை ஒட்டி மின்னினால் இமை உள்ளே மடங்கி மயிர் உரசுகிறதா என்று பார். மூக்குப் பக்க மூலையில் மின்னினால் மூன்றாம் இமைக்குப் பின்னால் புல்லின் ஊசிமுனையோ உமியோ மாட்டியிருக்கலாம். சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் சாயம் பிடிக்காத கரும்புள்ளி என்று தெரிந்தால் கையை எடுத்துவிடு. புண் கருவிழியின் கடைசிப் படலம்வரை இறங்கிவிட்டது, எந்த நேரமும் கண் உடையலாம் என்று அதற்குப் பொருள். அந்த நாயைக் கழுத்தில் பட்டை இறுகாமல் தூக்கிக்கொண்டு, அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல். அங்கே அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

உன் ஊரில் இந்தச் சாயத்தாளுக்கு வேலை அதிகம். பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் தந்தது; பிற்பாடு தண்ணீர் வற்றிய தரையில் சீமைக் கருவேலம் மண்டியது. அந்த முள்ளுக்குள் ஆட்டை விரட்டிக்கொண்டு நுழைகிற நாய்தான் கருவிழி கிழிந்து உன்னிடம் வரும். ஆடும் வரும். அரளியையும் எருக்கையும் உடைத்தால் கசிகிற பால் பட்டுக் கண் வெந்து வருவதும் உண்டு. அப்படி வந்தால் மருந்தைத் தேடாமல் முதலில் ஒரு பாட்டில் சலைன் முழுவதையும் ஊற்றிக் கழுவு. சாயம், களிம்பு எல்லாம் அதற்கப்புறம்.

செடி கீறிய கண்ணைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வேலை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் எம். சீனிவாசனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் கருவிழிப் புண்ணோடு வந்த மனிதர்களைப் பரிசோதித்தார்கள். கிருமி வளர்த்துக் கண்டறிந்த புண்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதி. வந்தவர்களில் பலர் உழவுவேலை செய்பவர்கள். பிறகு அதே குழு மதுரைக் கிராமங்களில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. கண்ணில் கீறல் பட்டவரைத் தேடிப்போய்ப் பார்த்து, சாயமிட்டு நீல விளக்கில் கீறலை உறுதிசெய்து, குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட வைத்தார்கள். அதோடு சிலருக்குப் பூஞ்சைக் களிம்பும் சேர்ந்தது. உடனே கவனித்த கீறல்கள் புண்ணாக முற்றாமல் ஆறின என்பதை 2006-ல் வெளியிட்டார்கள். நேபாளத்தின் பக்தபூரில் 2001-ல் வெளியான ஆய்வும் குளோராம்ஃபெனிகால் களிம்பு பற்றி இதையே காட்டியது.

இவை மனிதக் கண்ணில் நடந்த ஆய்வுகள். ஆனாலும் நமக்கு அவற்றில் இரண்டு பாடம் உண்டு. பட்டம் படிக்காத கையிலும் களிம்பு கண்ணைக் காப்பாற்றும், முதலில் சாயமிட்டுப் பார்த்தால். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கிடையாது.

சாதாரணக் கீறல் ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லையென்றால் களிம்பை மாற்றி மாற்றி எழுதுவது வைத்தியம் ஆகாது. ஆறவிடாமல் எது தடுக்கிறது என்று தேடு. மடங்கிய இமையா, தப்பி முளைத்த மயிரா, மூன்றாம் இமைக்குள் சிக்கிய துரும்பா, கண்ணீர் வற்றிய கண்ணா? பக், ஷிட்ஸு நாய்களில் கடைசிக் காரணம் அடிக்கடி வரும். கண்ணில் பசைபோலப் பீளை ஒட்டியிருக்கும், கருவிழி மினுமினுப்பு இழந்திருக்கும். கண்ணீரை அளக்கும் ஷிர்மர் தாளைக் கீழிமைக்குள் ஒரு நிமிடம் வைத்துப் பார். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது. பத்துக்குக் கீழே என்றால் வறண்ட கண் என்று சந்தேகப்படு. இந்த நாய்க்கு ஆன்டிபயாடிக் எத்தனை டியூப் போட்டாலும் பீளை திரும்ப வரும். சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு, அதுவும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க வேண்டியிருக்கும். ஷிர்மர் சோதனையை வேறு எந்தச் சொட்டும் சாயமும் போடுவதற்கு முன்பே செய்துவிடு.

சிவப்பும் பீளையும் கண்ணோடு நின்றுவிடுவதில்லை. குட்டிநாய்க்கு இரண்டு கண்ணிலும் சீழ்போலப் பீளை, மூக்கொழுகல், இருமல், சோர்வு என்றால் டிஸ்டம்பரை நினை. தடுப்பூசி போட்டதா என்று கேள். வளர்ந்த நாய்க்குக் கண் உள்ளுக்குள்ளே சிவந்து, பாவை சுருங்கி, வெளிச்சத்துக்குக் கூசினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எர்லிக்கியா கண்ணுக்குள் அழற்சி உண்டாக்கும். ஈறு வெளிறியிருக்கிறதா, வயிற்றுத் தோலில் இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார். இரத்தம் எடுத்துத் தட்டணுவை எண்ணிப் பார். பூனைக்குட்டியின் கண் ஒட்டிக்கொண்டு தும்மலும் இருந்தால் ஹெர்பிஸ் வைரஸோ கிளமிடியாவோ காரணமாகலாம். ஹெர்பிஸ் கண்ணில் ஸ்டீராய்டு போடுவது பெரும் கெடுதல். இவை எதுவும் களிம்பு மட்டும் போட்டுத் தீர்கிற நோய் கிடையாது. முகத்தருகே கையை வைக்கிற வேலை இது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசியை நீ போட்டுக்கொண்டு அதன் பிறகு பணியைத் தொடங்கு.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் கண் நோய் வரும். மாட்டில் ஈ பரப்புகிற மொராக்செல்லா, ஆட்டில் மைக்கோபிளாஸ்மாவும் கிளமிடியாவும். நிழலில் கட்டி, மந்தையிலிருந்து பிரித்து, டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும். பால், இறைச்சிக்குக் காத்திருக்க வேண்டிய நாளைச் சொல்லி அனுப்பு. ஆனால் வீட்டில் கிடக்கிற குளோராம்ஃபெனிகால் களிம்பை ஆட்டின் கண்ணில் பிதுக்குவது ஊரில் வெகுநாளாக நடக்கிற பழக்கம். அதை நீ நிறுத்த வேண்டும். அந்த மருந்து மிக அரிதாகச் சில மனிதருக்கு எலும்பு மஜ்ஜையை அழிக்கும். எவ்வளவு சிறிய அளவில் அழிக்கும் என்று வரம்பு சொல்ல முடியாது. அதனால்தான் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்துவதற்காக அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு தடைசெய்தது. நாய்க்குப் போடலாம். அப்போதும் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்.

இனிக் காது. நாயின் காதுக்குழாய் ‘ட’ எழுத்தைப் போலக் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் திரும்பும். வெளியே நின்று பார்ப்பவருக்கு நேராக இறங்கும் பாதிதான் தெரியும். சீழும் அழுக்கும் தங்குவது திரும்பிய பாதியில். மேலே பூசிய களிம்பு அழுக்கின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர, நோயிடம் போய்ச் சேராது. பஞ்சுக்குச்சியை விட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். காது கழுவும் திரவத்தை நிரம்ப ஊற்றி, காதின் அடிப்பகுதியை விரலால் பிசைந்துவிட்டு நாயைத் தலை உதறவிடு. மேலே வந்ததை மட்டும் பஞ்சால் துடை. காய்ச்சிய பூண்டெண்ணெய், புழு வைத்த காதில் டர்பன்டைன் என்று வீட்டில் ஊற்றியிருந்தால், திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு கழுவிவிடு. திட்டினால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

கழுவும் முன் பஞ்சில் எடுத்த அழுக்கைக் கண்ணாடிச் சில்லில் உருட்டி, இலேசாகச் சூடுகாட்டி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார். ஐந்து நிமிட வேலை. நிலக்கடலை வடிவத்தில் நிற்பது மலசீசியா என்ற ஈஸ்ட். இதற்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை, பூஞ்சை மருந்து போதும். உருண்டை உருண்டையாக இருந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. கோல்கோலாக, கூடவே வெள்ளணுக்கள் குவிந்திருந்தால் சூடோமோனாஸ் இருக்கலாம். மாதிரியை நாமக்கல் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துகொள். காப்பித்தூள்போல உதிர்கிற கறுப்பு அழுக்கை ஒரு சொட்டு எண்ணெயில் வைத்துப் பார்த்தால் காதுப்பூச்சி ஊர்வது தெரியும். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் அது ஒழியும்.

செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த மருந்தைக் காதில் விடாதே. பறை கிழிந்திருந்தால் அது உள்காதுக்குப் போய்க் கேட்கும் சக்தியையும் தலையின் நிதானத்தையும் கெடுக்கக்கூடும். பறை தெரியவில்லை என்றால் கிழிந்திருப்பதாகவே வைத்துக்கொண்டு சலைனால் மட்டும் கழுவு. வெள்ளை ராஜபாளையம் நாய்க்குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை, காதுக்கு மருந்து வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காது சுத்தமாக இருந்தால் அப்படியே சொல்லிவிடு, மருந்து எழுதாதே.

காது நோய் இரண்டாம் முறை, மூன்றாம் முறை திரும்பினால் காதைவிட்டு நாயைப் பார். பாதத்தை நக்குகிறதா? அக்குள், தொடைச்சந்து சிவந்திருக்கிறதா? லாப்ரடார் மாதிரித் தொங்கு காது நாய்களில் காதுச்சீழ் பெரும்பாலும் ஒவ்வாமையின் ஒரு முகம். கிருமி பின்னால் வந்து சேர்ந்தது. ஒவ்வாமையைக் கவனிக்காமல் கிருமியை மட்டும் கொன்றுகொண்டிருந்தால், ஒவ்வொரு டியூபிலும் மிஞ்சுவது அந்த மருந்துக்குச் சாகாத கிருமிதான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உன் ஊர் இருக்கும் இடம். பக்கத்தில் நாமக்கல், நாட்டின் முட்டைக் களஞ்சியம். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை 2019 ஜூலையில் ஒன்றிய அரசு தடைசெய்தது உனக்குத் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்ற மருந்துகள் கைவிட்ட மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதற்கு எதிர்ப்பைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணுவை 2015-ல் சீனாவில் கண்டார்கள். கொலிஸ்டினின் மறுபெயர் பாலிமிக்சின் இ. உன் மேசையில் இருக்கிற கண், காது மருந்துகள் பலவற்றில் கலந்திருப்பது அதன் உடன்பிறப்பான பாலிமிக்சின் பி. பண்ணையில் தடைசெய்ததை வீட்டு நாயின் காதில் கணக்கில்லாமல் ஊற்றினால் அந்தத் தடைக்கு என்ன பயன்? நாயும் குழந்தையும் ஒரே பாயில் உருளுகிற வீடுகள் நம்முடையவை.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளுக்காக 2014 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணையில் மாக்ஸிஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்றவை அடங்கும். கண், காது மருந்தாக வந்தாலும் அடங்கும். சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஊரின் மருந்துக்கடைக்கு ஒருநாள் நேரில் போ. சண்டைக்காகப் போகாதே. “கண்ணுன்னு வந்தா டியூப் குடுக்காம எங்கிட்ட அனுப்புங்கண்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா. கேட்பார்கள்.

கடைசியாக, பூசும் முறை. எழுதிக் கொடுத்தால் போதாது. உன் கையால் ஒருமுறை காட்டி, அவர்கள் கையால் ஒருமுறை செய்ய வைத்துப் பார். ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைக்க வேண்டும். நாயின் பின்பக்கம் நின்று முகவாயைத் தூக்கி, கீழிமையை இழுத்து, ஓர் அரிசி நீளத்துக்குக் களிம்பை வைக்க வேண்டும். டியூபின் நுனி கண்ணில் படக் கூடாது. சொட்டும் களிம்பும் இரண்டுமே என்றால் சொட்டு முதலில், ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு. கண்ணில் ஓட்டையோ ஆழ்ந்த புண்ணோ இருந்தால் களிம்பே வேண்டாம், சொட்டுதான். நாளைக்கு ஒரு வேளை போட்டால் பெரும்பாலும் போதாது; மூன்று நான்கு வேளை போட முடியுமா என்று கேட்டுவிட்டு எழுது. பூ பறிக்க விடியுமுன் எழுந்து போகிறவரிடம் அவருக்குத் தோதான நேரங்களைச் சேர்ந்து குறித்துக்கொடு. கழுத்துக்கூம்பு வாங்க வசதி இல்லையென்றால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுற்றித் தைத்துக் கொடுக்கலாம். ஒருமுறை திறந்த டியூப் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை அடுத்த வீட்டு நாய்க்குக் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாள் கண்ணையும் பதினான்காம் நாள் காதையும் மறுபடி கொண்டுவரச் சொல். வராதவர்களுக்கு நீயே போன் செய்.

கூட்டம் நிற்கும்போது ஒவ்வொரு கண்ணுக்கும் சாயமும் ஒவ்வொரு காதுக்கும் சில்லும் எப்படி முடியும் என்று நினைப்பாய். முடியும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திய இடத்தில் ஒரு நாய் வாழ்நாள் முழுக்க ஒற்றைக் கண்ணோடு திரியும். ஆகவே பணியேற்கும் முதல் வாரத்திலேயே சாயத்தாள், ஷிர்மர் தாள், நீல விளக்கு, நுண்ணோக்கி நான்கையும் மேசைக்குக் கொண்டுவந்துவிடு. சாயமிடாத கண்ணுக்கு ஸ்டீராய்டு எழுதாதே. சில்லில் பார்க்காத காதுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதே. உனக்கடுத்து அந்த நாற்காலிக்கு வருபவருக்கும் இதையே சொல்லிக்கொடு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு கால்நடை மருத்துவர்